560னு எழுதி கையெழுத்து கேட்ட டீச்சர்களுக்கு, ஒரு அக்கா எழுதுற திறந்த மடல்

வணக்கம் சார், வணக்கம் மிஸ்.

நான் பன்னெண்டாவது படிக்கிற ஒரு பையனோட அக்கா. எந்த ஸ்கூல், எந்த ஊருன்னு இங்க எழுதப் போறதில்ல, ஏன்னா இது ஒரு ஸ்கூலோட கதை மட்டும் இல்ல, டெல்டா பக்கம் எங்க சொந்தக்காரப் புள்ளைங்க படிக்கிற இன்னும் மூணு ஸ்கூல்ல விசாரிச்சுப் பாத்தேன், மூணுலயும் இதே 560னு எழுதுன இலக்கு அட்டைதான், கலர் மட்டும் வேற. அதனால +2 கிளாஸ் எடுக்குற எல்லா டீச்சருக்கும் ஹெச்.எம்.களுக்கும் சேத்தே எழுதுறேன். கோவமா எழுத ஆரம்பிச்சேன், பாதி கோவம் எழுதும்போதே போயிடுச்சு, மிச்சம் இருந்தா மன்னிச்சுக்கோங்க.

காலாண்டு பரிச்சை முடிஞ்சு பேரன்ட்ஸ் மீட்டிங் வெச்சீங்க இல்லையா, அப்பா நாத்து விட்ட வேலைல இருந்ததால நான்தான் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டு வந்தேன். கைல ஒரு மஞ்ச அட்டைய குடுத்தீங்க. மேல "என் இலக்கு"னு போட்டு ஒரு கட்டம், அதுல ஏற்கனவே செவப்பு மசில 560, அதாவது பொதுத்தேர்வுல 600க்கு எடுக்க வேண்டிய மார்க். கீழ மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து. தம்பி பேரு மேல இருக்கு, இலக்கு அவனோடதாம், ஆனா அத எழுதுனது அவன் இல்ல. வரிசைல எனக்கு முன்னாடி நின்ன அம்மா அட்டைலயும் 560தான், பின்னாடி நின்னவர் அட்டைலயும் 560தான். காலாண்டுல 510 வாங்குன பொண்ணுக்கும் 560, 240 வாங்குன பையனுக்கும் 560. எனக்கு அப்பவே சிரிப்பு வந்துச்சு, ஆனா நீங்க சீரியஸா இருந்தீங்க, நானும் போட்டுட்டேன் கையெழுத்த.

வீட்டுக்கு வந்து உக்காந்து கணக்கு பாத்தேன். தம்பி காலாண்டுல வாங்குனது 341. தமிழ் 72, இங்கிலீஷ் 52, மேத்ஸ் 48, பிசிக்ஸ் 51, கெமிஸ்ட்ரி 49, கம்ப்யூட்டர் சயின்ஸ் 69. 560னா ஒவ்வொரு பாடத்துலயும் சராசரியா 93க்கு மேல. 219 மார்க் ஏறணும், மார்ச்ல பரிச்சை. மேத்ஸ்ல 48 வாங்குற பையன் நாலஞ்சு மாசத்துல 93 வாங்கவே முடியாதுன்னு நான் சொல்ல வரல, எங்கயாவது ஒருத்தன் வாங்கியிருப்பான், அவனத்தான் வருஷா வருஷம் பிரேயர்ல நிக்க வெச்சு கதை சொல்லுவாங்க. நான் கேக்குறது வேற. அந்த 219 மார்க்க எந்த நேரத்துல படிச்சு வாங்கணும், அந்த நேரம் எங்க இருக்குன்னு யாராச்சும் எண்ணிப் பாத்தீங்களா?

நான் எண்ணுனேன். ஒரு வாரம், திங்கள்ல இருந்து ஞாயிறு வரைக்கும், பால் கணக்கு எழுதுற நோட்டோட கடைசிப் பக்கத்துல. தம்பிகிட்ட சொல்லிட்டுதான் செஞ்சேன், மொதல்ல "என்ன அக்கா சிஐடி வேலையா"னு கேட்டான், அப்புறம் அவனே நேரம் சொல்ல ஆரம்பிச்சான்.

காலைல 5 மணிக்கு எந்திரிக்கிறான். அம்மா பால் கறந்து வெச்சிருப்பாங்க, சைக்கிள்ல சொசைட்டிக்கு கொண்டு போய் ஊத்திட்டு வர்றதுக்கும் குளிச்சு கெளம்புறதுக்கும் சரியா இருக்கும், 5.50 டவுன் பஸ். 6.30ல இருந்து 8 வரைக்கும் ட்யூஷன், ஒரு நாள் மேத்ஸ் ஒரு நாள் பிசிக்ஸ். அம்மா கட்டிக் குடுத்த இட்லிய ட்யூஷன் வாசல்ல நின்னுகிட்டே சாப்பிட்டு 8.30க்கு உங்க காலை ஸ்பெஷல் கிளாஸ். அப்புறம் ஸ்கூல், சாயங்காலம் 4.10 வரைக்கும். அப்புறம் மறுபடியும் ஸ்பெஷல் கிளாஸ், 5.45 வரைக்கும். 6 மணி பஸ், அதுல உக்கார எடம் கெடைக்கிறது அமாவாசைக்கு ஒருக்கா, வீடு வந்து சேர 6.45. கை கால் கழுவி சாப்பிட்டு 7.30. அதுக்கு மேல ஹோம்வொர்க், ரெக்கார்ட் நோட், டெஸ்ட்ல தப்பு போட்டதுக்கு இம்போசிஷன், அது 9, 9.15 ஆயிடும். நீங்க கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன், போன் பாக்குறான். பஸ்ல ரீல்ஸ் பாக்குறான், ராத்திரி ஒரு அரை மணி நேரம் பாக்குறான், அதையும் எழுதியிருக்கேன், மறைக்கல. 10.30க்கு தூங்கிடுறான், அதாவது ஆறரை மணி நேரத் தூக்கம். இந்த வயசுப் புள்ளைங்களுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு தூக்க டாக்டர்கள் சொல்றாங்க, அத இங்க சொன்னா சிரிப்பீங்க, விடுங்க.

இப்ப மிச்சம் என்ன? யாரும் சொல்லாம, அவனா ஒரு புக்க எடுத்து, அவனுக்கு எது தெரியலையோ அத படிக்கக் கெடைச்ச நேரம். திங்கள் 50 நிமிஷம். செவ்வாய் 1 மணி 10 நிமிஷம். புதன் ஒண்ணும் இல்ல, கெமிஸ்ட்ரியோட சேத்து ரெண்டு ரெக்கார்ட், ஒரு இம்போசிஷன். வியாழன் 40. வெள்ளி 1 மணி 20. சனிக்கிழமை மழை லீவுக்கு ஈடுகட்ட ஸ்கூல் வெச்சீங்க, அப்படியும் ரெண்டரை மணி நேரம் தேத்துனான். ஞாயித்துக்கிழமை ஸ்கூல்ல மாடல் டெஸ்ட், மத்தியானம் வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டான், சாயங்காலம் 2 மணி நேரம். எல்லாத்தையும் கூட்டுனா ஏழு நாளைக்கு எட்டரை மணி நேரம். ஆறு பாடம். வகுத்துப் பாருங்க, வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு 85 நிமிஷம்.

இத நான் அவன்கிட்ட காட்டுனப்ப அவன் ரொம்ப நேரம் அந்த நோட்டையே பாத்துகிட்டு இருந்தான். அப்புறம் "அப்ப நான் சோம்பேறி இல்லையா அக்கா"னு கேட்டான். சார், அந்தக் கேள்விதான் என்னை இத எழுத வெச்சுது. கிளாஸ்ல வாரம் தவறாம "டைம் மேனேஜ்மென்ட் இல்ல உங்களுக்கு"னு கேட்டு கேட்டு, இருக்குற நேரத்த வீணாக்குறவன்னு அவனே முடிவு பண்ணி வெச்சிருக்கான். சம்பளமே குடுக்காம சேமிச்சு வைன்னு சொல்ற மாதிரிதான் இது.

நான் ஒண்ணும் பெரிய ஆளில்ல, இத சொல்லிடுறேன். 2013ல நான் +2 எழுதுனப்ப மொத்தம் 1200 மார்க். சார்ட் பேப்பர் வாங்கி நாலு கலர் ஸ்கெட்ச்ல டைம்டேபிள் போட்டு செவுத்துல ஒட்டுனேன், காலைல 4 மணில இருந்து ராத்திரி 11 வரைக்கும், நடுவுல "ஓய்வு 10 நிமிடம்"னு பச்சை கலர்ல. மேல கொட்டை எழுத்துல 1100+. அந்த டைம்டேபிள்படி நான் ரெண்டு நாள் இருந்தேன். மூணாவது நாள் 4 மணிக்கு எந்திரிக்கல, எந்திரிக்காததால 4ல இருந்து 6 வரைக்கும் போட்டிருந்த பாட்டனி போச்சு, அது போனதால அன்னிக்கு முழுக்கவே மனசு விட்டுப் போச்சு, அப்புறம் அந்த சார்ட்ட பாக்குறதுக்கே பயந்து அது மேல காலண்டர மாட்டிட்டேன். வாங்குனது 812. அந்த சார்ட் போட ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா செலவு பண்ணேன்றதுதான் இப்ப நெனச்சா வயித்தெரிச்சல்.

இது எனக்கு மட்டும் நடக்குறது இல்லன்னு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது. 1994ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சி, காலேஜ்ல கடைசி வருஷ ப்ராஜெக்ட் எழுதிகிட்டு இருந்த 37 சைக்காலஜி ஸ்டூடன்ட்ஸ்கிட்ட எத்தன நாள்ல முடிப்பீங்கன்னு கேட்டிருக்காங்க. சராசரியா 34 நாள்னு சொல்லியிருக்காங்க. சரி, எல்லாமே சொதப்புனா எத்தன நாள் ஆகும்னு கேட்டதுக்கு 49 நாள்னு சொல்லியிருக்காங்க. கடைசில ஆனது 55 நாளுக்கு மேல. அதாவது மோசமா போனா இவ்வளவுன்னு சொன்னத விடவும் அதிகம். மனுஷன் தன்னோட வேலைக்கு நேரம் கணக்கு போட்டா கம்மியாத்தான் போடுவான், அது சோம்பேறித்தனம் இல்ல, எல்லாருக்கும் இருக்குற கோணல். அப்படி இருக்குறப்ப பதினேழு வயசுப் பையன் கைல 560னு எழுதிக் குடுத்தா அவன் என்ன பண்ணுவான், நான் பண்ணதத்தான் பண்ணுவான், காலண்டர மாட்டி மறைப்பான்.

காலண்டர்னதும் ஞாபகம் வருது. தம்பிக்கு நாங்க செஞ்சது காலண்டர் தாள்லதான். மளிகைக் கடைல குடுக்குற தேதி கிழிக்கிற காலண்டர் எங்க வீட்ல இருக்கு, தினம் அம்மா கிழிச்சு எண்ணெய் தொடைக்க வெச்சுக்குவாங்க. அந்தத் தாள இவன் வாங்கிக்க ஆரம்பிச்சான். முன்பக்கம் ராகு காலம் எமகண்டம், பின்பக்கம் வெறும் வெள்ளை. ராத்திரி சாப்பிட்டதும் அந்த வெள்ளைல அன்னிக்கு செய்யப் போற வேலை, அதிகபட்சம் மூணு. தாளே உள்ளங்கை அளவுதான்றதால நாலாவது எழுத எடமும் இருக்காது, அது நல்லதாப் போச்சு. "பிசிக்ஸ் படிக்கணும்"னு எழுதக் கூடாது, அதுதான் எங்க ஒரே ரூல். "மின்னோட்டவியல் ஒரு மார்க் 1 டு 8, மூடி வெச்சு எழுதணும்"னு எழுதணும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்துல எத்தன நிமிஷம் ஆகும்னு எழுதணும், 20னு எழுதுவான், முடிச்சதும் எவ்வளவு ஆச்சுன்னு அடிச்சு எழுதுவான், மொத வாரம் முழுக்க 20 எல்லாம் 35 ஆச்சு. ரெண்டாவது வாரம் அவனே 35னு எழுத ஆரம்பிச்சான், வேலைய ரெண்டா குறைச்சான். அம்மா மட்டும் "ராகு காலத்தப் பாத்துட்டு படிக்கிறான் என் புள்ள"னு கிண்டல்.

ஏன் பிசிக்ஸ் ஒரு மார்க்? 70 மார்க் பேப்பர்ல 15 ஒரு மார்க் கேள்வி, காலாண்டுல அவன் அதுல எடுத்தது 6. பிசிக்ஸ் புக்ல மொத்தம் 11 பாடம், அதுல பாதிக்கு மேல புக் பேக் கேள்விகள அவன் திருப்பியே பாக்கல. அஞ்சு மார்க் டெரிவேஷன் ஒண்ணு மனசுல நிக்க அவனுக்கு ஒரு மணி நேரம் ஆகுது, அதே ஒரு மணி நேரத்துல ஒரு மார்க் பதினஞ்சு இருபது பாத்துடுறான், பஸ்ல நின்னுகிட்டே கூட பாக்கலாம். வாரம் 85 நிமிஷம் இருக்குறவனுக்கு எது கட்டுப்படியாகுமோ அதத்தான் எடுக்க முடியும். அரையாண்டுக்குள்ள 15க்கு 12. இவ்வளவுதான் இலக்கு, அவனே எழுதுனது, மொத்தமா எவ்வளவு மார்க்குன்னு எதுவும் எழுதல. பஸ்ல போற 40 நிமிஷத்துல பத்து நிமிஷம் ரீல்ஸ விட்டுக் குடுத்தான், மிச்சம் 30 நிமிஷம் ரீல்ஸ்தான், நான் கேக்கல, அவனும் மனுஷன்தான.

மூடி வெச்சு எழுதுறதுன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. 2006ல வந்த ஒரு ஆராய்ச்சில, ஒரு பாடத்த திரும்பத் திரும்ப வாசிச்சவங்களையும், வாசிச்சுட்டு மூடி வெச்சு ஞாபகத்துல இருந்து எழுதுனவங்களையும் வெச்சுப் பாத்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப வாசிச்சவங்கதான் ஜெயிச்சாங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டப்ப ஞாபகத்துல இருந்து எழுதுனவங்க ஜெயிச்சாங்க. அவங்க பாத்தது இம்போசிஷன இல்ல, அத நான் ஒத்துக்குறேன், ஆனா ஒரே பதில பத்து தடவ பாத்து எழுதுறப்ப என்ன நடக்குதுன்னு எங்க வீட்ல நான் தினம் பாக்குறேன் மிஸ். மொதல்ல பத்து வரிசைக்கும் மொத வார்த்தைய எழுதிடுறான், அப்புறம் பத்து வரிசைக்கும் ரெண்டாவது வார்த்தை. பாத்தி கட்டி நாத்து நடுற மாதிரி. நாப்பது நிமிஷம் கை ஓடுது, மண்டைல ஒண்ணும் போகல. அந்த நாப்பது நிமிஷம் அவனோட 85ல இருந்து போகுது.

சரி, அரையாண்டு வந்துச்சு. பிசிக்ஸ் ஒரு மார்க் 15க்கு 11. இலக்கு 12, ஒண்ணு கொறைஞ்சுது, அதுக்கு அவன் வருத்தப்பட்டான், எனக்கு ரொம்ப சந்தோஷம். பேப்பர் மொத்தம் 36ல இருந்து 44 ஆச்சு, ஏறுன 8ல 5 அந்த காலண்டர் தாள் மார்க். கூடவே மத்த பாடமும் கொஞ்சம் கொஞ்சம் ஏறி, நூறுக்கு மாத்திப் போட்டதுல மொத்தம் 379. காலாண்ட விட 38 கூட. அவன் ஸ்கூல் வாழ்க்கைல ஒரு பரிச்சைக்கும் அடுத்த பரிச்சைக்கும் நடுவுல 38 மார்க் ஏறுனது இதுதான் மொத தடவ.

அட்டைய வாங்கிட்டு வந்தான். செவப்பு மசில "181 குறைவு"னு இருந்துச்சு.

நீங்க போட்ட கணக்கு தப்பே இல்ல, 560ல 379 போனா 181தான். ஆனா அந்த அட்டைல 38க்கு எடமே இல்ல. அரையாண்டுக்குன்னு இருந்த கட்டம் ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல "இலக்கில் குறைவு"னு அச்சடிச்சே இருக்கு. குறைவத் தவிர வேற எதையும் எழுத வழியில்லாம அந்த அட்டைய யாரோ டிசைன் பண்ணியிருக்காங்க. அன்னிக்கு ராத்திரி அவன் காலண்டர் தாள கேக்கல. மறுநாளும் கேக்கல. அம்மா தாள எண்ணெய் தொடைக்க எடுத்துகிட்டாங்க.

உங்க பக்கம் இருக்குற கஷ்டமும் எனக்குத் தெரியாம இல்ல. என் சித்தியும் டீச்சர்தான். ரிசல்ட் வந்த மறுநாளே பாடவாரியா சதவீதம் எடுத்து வெச்சுகிட்டு சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸ் மீட்டிங்ல எழுப்பி நிக்க வெச்சு கேப்பாங்கன்னு அவங்க சொல்லியிருக்காங்க, ரெண்டு புள்ளைங்க பெயிலானா அந்த ரெண்டு பேருக்கும் தனித்தனியா விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். ஞாயித்துக்கிழமை மாடல் டெஸ்ட் வெச்சா உங்க ஞாயித்துக்கிழமையும்தான் போகுது, உங்க வீட்லயும் புள்ளைங்க இருக்கும், பேப்பர் திருத்தறது வேற. 2017லயே ரேங்க் அறிவிக்கிறத கவர்மென்ட் நிப்பாட்டிடுச்சு, ஆனா அந்த ஓட்டம் மட்டும் நிக்கல, மேல இருந்து உங்கள அழுத்துறாங்க, நீங்க புள்ளைங்கள அழுத்துறீங்க. அதனால உங்க மேல பழி போடறதுக்காக இத எழுதல. உங்க கைல இருக்குறத மட்டும் கேக்குறேன்.

அட்டைல அந்த 560 கட்டத்த காலியா விடுங்க. அத அவங்கவங்க எழுதட்டும், பென்சில்ல எழுதட்டும், ஒவ்வொரு பரிச்சைக்கும் அழிச்சு எழுதட்டும். பக்கத்துல போன பரிச்சை மார்க், இந்தப் பரிச்சை மார்க், ஏறுனது எறங்குனதுன்னு ஒரு கட்டம் போதும். 240 வாங்குன அந்தப் பையனுக்கு 270ங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குத் தெரியாதா, நீங்கதான பேப்பர் திருத்துறீங்க.

அப்புறம் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். மொத்தமா எடுத்துடுங்கன்னு கேட்டா நடக்காது, எனக்கே தெரியும், வீட்ல படிக்க எடமில்லாத புள்ளைங்களுக்கு, அப்பா குடிச்சுட்டு வர்ற வீட்டுப் புள்ளைங்களுக்கு அந்த கிளாஸ்ரூம்தான் நிம்மதி, அவங்களுக்கு அது வேணும். ஆனா வாரத்துல ரெண்டு நாளாவது அத பாடம் நடத்தாத நேரமா விடலாமே. புள்ளைங்க அவங்களுக்கு எது தெரியலையோ அத எடுத்து வெச்சு படிக்கட்டும், நீங்க சும்மா உக்காந்து இருங்க, சந்தேகம் வந்தா எந்திரிச்சு வந்து கேப்பாங்க. உங்களுக்கும் தொண்டைக்கு கொஞ்சம் ஓய்வு. வீட்டுக்கு போய் படிக்கிறேன்னு பெத்தவங்க கையெழுத்தோட சொல்றவங்கள அந்த ரெண்டு நாள் விட்டுடுங்க. எங்க ஊருக்கு 4.30க்கு ஒரு பஸ் இருக்கு, அதுல வந்தா 5.15க்கு வீடு. வாரத்துக்கு மூணு மணி நேரம் கூட கெடைக்கும், எட்டரை பதினொன்னரை ஆகும்.

ஹோம்வொர்க் விஷயத்துல ஆறு டீச்சரும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறது இல்லன்னுதான் தோணுது. ஸ்டாப் ரூம்ல ஒரு சின்ன போர்டு வெச்சு யாரு என்ன குடுத்தீங்கன்னு எழுதிட்டாலே ஒரே நாள்ல ரெண்டு ரெக்கார்டும் ஒரு இம்போசிஷனும் வந்து விழாது. புதன்கிழமை ஏன் ஒண்ணும் இல்லாம போச்சுன்னு பாத்தா அதுதான் காரணம்.

பொங்கல் லீவுல தம்பிய மெதுவா பேசி மறுபடி உக்கார வெச்சேன். அறுப்பு வேலை ஒரு பக்கம், மாட்டுப் பொங்கலுக்கு மாட்ட குளுப்பாட்டற வேலை ஒரு பக்கம், அதுக்கு நடுவுல புது வருஷக் காலண்டர்ல இருந்து ஒரு தாள கிழிச்சு மேத்ஸ் ஒரு மார்க்னு எழுதியிருக்கான். 20 கேள்வில இப்ப 9 வருது, ரிவிஷன் டெஸ்ட்டுக்குள்ள 13னு போட்டிருக்கான். மொத்த மார்க் ஒண்ணு போடுடான்னு நான்தான் கேட்டேன், பொதுத்தேர்வுக்கு எவ்வளவுன்னு. ரொம்ப யோசிச்சு 415னு எழுதுனான். ஏன்டா ரவுண்டா 420 போடேன்னு அம்மா கேட்டாங்க, "அந்த நம்பர் வேணாம்மா, கிளாஸ்ல பேரு வெச்சுடுவானுங்க"னு சொல்லிட்டான்.

மஞ்ச அட்டைல அந்த 560 மேல ஒரு கோடு போட்டு பக்கத்துல 415னு அவன் கையெழுத்துலயே எழுதி, கீழ நான் கையெழுத்து போட்டிருக்கேன். திங்கக்கிழமை குடுத்து விடுறேன். அட்டைய அசிங்கம் பண்ணதுக்கு அவன திட்டாதீங்க மிஸ், ஸ்கேல் வெச்சு கோடு போட்டது நான்தான். செவ்வாயும் வியாழனும் அந்த 4.30 பஸ்ஸுக்கு அவன விட முடியுமான்னு மட்டும் அட்டையோட பின்பக்கம் எழுதி அனுப்புங்க, அந்தப் பக்கம் காலியாத்தான் இருக்கு.

இப்படிக்கு,
பன்னெண்டாவது படிக்கிற ஒரு பையனோட அக்கா